கை நீட்டினால்தான் ஆட்டம்

பெருமூளை வாதம் உள்ள பிள்ளையிடம் வீடியோ விளையாட்டைக் கொடுத்தால் ஊர் இரண்டு விதமாகப் பேசுகிறது. "ஏற்கெனவே ஓடியாட முடியாத பிள்ளை, அதையும் திரைக்கு முன்னால் இருத்திவிட்டீர்களா?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். வெளிநாட்டுக் கருவி வந்துவிட்டது, இனிப் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போல ஆகிவிடும் என்று கண்கலங்க நம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு பேச்சையும் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் பிள்ளை விளையாட விரும்புகிறாளா என்ற கேள்வி இல்லை. எனக்கோ அதுதான் முதல் கேள்வி.

என் மகளுக்கு ஒன்பது வயது. இடது கையும் இடது காலும் இறுகியவை. மூளையின் வலப்பக்கம் பிறப்பை ஒட்டிய காலத்தில் பாதிக்கப்பட்டதால் உடலின் இடப்பக்கம் இப்படி ஆனது. பெருமூளை வாதம் என்பது வளர்ந்துவரும் மூளையில், கருவிலோ பிறக்கும்போதோ பிறந்த பின் சில காலத்துக்குள்ளோ ஏற்பட்ட சேதம். அந்தச் சேதம் நாளுக்கு நாள் பெருகுவதில்லை. ஆனால் உடல் வளர்கிறது, எலும்பு நீள்கிறது, இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. அதனால்தான் ஐந்து வயதில் தரையில் ஊன்றிய குதிக்கால் எட்டு வயதில் மேலெழும்பிவிடுகிறது. இத்தகைய பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் தசை இறுக்கம் உள்ளவர்கள்தாம். நடமாட்டத்தை வைத்து இவர்களை ஐந்து நிலைகளாக வைத்தியர்கள் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் உள்ள பிள்ளை ஓடும், படியேறும், சமநிலை மட்டும் கொஞ்சம் தடுமாறும். ஐந்தாம் நிலையில் உள்ள பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதற்கே துணை வேண்டும். ஆகவே ஒரு பிள்ளைக்கு உதவிய விளையாட்டு அடுத்த பிள்ளைக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. என் மகள் நடப்பாள். அவளுடைய சிக்கல் கையில்தான் கூடுதலாக இருந்தது.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலவீனமான கையை வைத்திருக்கும் பிள்ளை அதைப் பயன்படுத்த முயல்கிறது, கை ஒத்துழைப்பதில்லை, நல்ல கை உடனே வந்து வேலையை முடித்துவிடுகிறது. சட்டைப் பொத்தானை ஒரே கையால் போடப் பழகுகிறது. தண்ணீர்ப் போத்தலை முழங்கால்களுக்கு இடையில் வைத்து ஒரே கையால் திறக்கப் பழகுகிறது. பார்ப்பவர்கள் கெட்டிக்காரி என்று மெச்சுகிறார்கள். கெட்டிக்காரிதான். ஆனால் மூளை இடது கையை மெல்ல மெல்லக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. இருக்கிற பலத்தைக்கூடப் பிள்ளை பயன்படுத்தாமல் விடுவது இப்படித்தான். இதை மாற்ற ஒரு சிகிச்சை உண்டு: நல்ல கைக்கு உறை மாட்டி, நாளுக்குச் சில மணித்தியாலம் அதை ஓய்வில் வைத்து, பலவீனமான கையை வேலைக்கு அழைப்பது. இரண்டு கையும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளைக் கொடுத்துப் பழக்குவது இன்னொரு முறை. இரண்டுக்கும் நல்ல சான்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் அயோனா நோவாக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 2013இலும் பிறகு 2020இலும் பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகளைச் சான்றின் அடிப்படையில் தரம் பிரித்தபோது, வீதிச் சமிக்ஞை விளக்கு நிறங்களைக் கொண்டு குறித்தார்கள். பச்சை வாங்கியவற்றில் இவை இரண்டும் உண்டு. பிள்ளை தானே முயன்று, ஓர் இலக்கை வைத்துச் செய்யும் பயிற்சியும் உண்டு. மற்றவர் பிடித்து மடக்கி நீட்டிவிட, பிள்ளை சும்மா படுத்திருக்கும் முறைகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. எத்தனை வீடுகளில் தாய்மார் அந்த மடக்கி நீட்டுதலையே முழுச் சிகிச்சை என்று நம்பிக் கைவலிக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள்!

திருகோணமலை மாவட்டத்தின் நீளத்தை வரைபடத்தில் பார்த்தால் இன்னொன்று விளங்கும். வடக்கே புல்மோட்டை, திருகோணமலை நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். தெற்கே மூதூரும் வெருகலும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அங்கிருந்து நகரத்துக்கு வரப் பாதைப்படகுதான். இப்போது பாலம் இருக்கிறது, வீதி இருக்கிறது; ஆனால் இறுகிய காலுள்ள பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறும் தாய்க்கு அந்தத் தூரம் இன்னும் தூரம்தான். அன்றைய கூலி போகும். வீட்டில் மற்றப் பிள்ளைகளை அயலில் விட வேண்டும். கிளினிக்கில் இயன்மருத்துவருடன் கிடைப்பது அரை மணித்தியாலம். அடுத்த தவணை வாரக்கணக்கில் தள்ளிப்போகும். மீதி எல்லாம் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் என்ன நடக்கிறது? "கையை நீட்டு, மகள். இன்னொரு தடவை. இன்னும் ஒன்று." ஐந்தாவது தடவையில் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா என்பவள் விரட்டும் ஆளாகிவிடுவாள். மூளை புதிய பாதையைப் போட வேண்டுமானால் ஒரே அசைவைப் பல நூறு தடவை செய்ய வேண்டும் என்று விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. வட அமெரிக்காவில் பக்கவாதம் வந்த பெரியவர்களைக் கவனித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கைக்கான சிகிச்சை அமர்வு ஒன்றில் பயனுள்ள கையசைவு சராசரியாக 32 தடவைதான் நடந்தது. நன்கு பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்தும் அவ்வளவுதான். சமையலுக்கும் வேலைக்கும் இடையில் ஓர் அம்மா எத்தனை தடவை சொல்லிச் செய்விக்க முடியும்? யாரும் எண்ணிச் சொல்லாமல், பிள்ளை தானே நூறு தடவை கையை நீட்ட ஒரு காரணம் வேண்டும். வீடியோ விளையாட்டு அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது. அதன் சிறப்பு அதற்குள் இருக்கும் தொழில்நுட்பத்தில் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தது பழைய வீ (Wii) விளையாட்டுக் கருவி. நிண்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்டது. 2013இல் உற்பத்தியை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா வீட்டு அலுமாரியில் கிடந்ததை விடுமுறைக்கு வரும்போது எடுத்துவந்தார். கனடாக் கருவியின் மின்வழங்கி 120 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் வருவது 230. நேரே செருகினால் கருகிவிடும். நகரத்தில் வானொலி திருத்தும் கடையில் மின்மாற்றி ஒன்று வாங்கிப் பூட்டினோம். கையில் பிடிக்கும் கோலுக்குள் அசைவு உணரி ஒன்றும் சிறிய கமரா ஒன்றும் இருக்கின்றன. தொலைக்காட்சிக்கு மேலே வைக்கும் பட்டையில் இருப்பவை வெறும் அகச்சிவப்பு விளக்குகள். கோல்தான் அவற்றைப் பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. பட்டை பழுதானால் இரண்டு மெழுகுதிரிகளைக் கொளுத்தி இடைவெளி விட்டு வைத்தாலும் கோல் ஏமாந்து வேலை செய்யும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

எல்லா விளையாட்டும் உதவாது என்பதை முதலில் சுட்டிக்காட்டியவர் எங்கள் இயன்மருத்துவர். அவரை "மிஸ்" என்றுதான் மகள் கூப்பிடுவாள். மிஸ் கைபேசியில் நான் எடுத்துப்போன காணொளியைப் பார்த்துவிட்டு, "டென்னிஸ் வேண்டாம் அம்மா" என்றார். அந்தக் கோலுக்குத் தோளிலிருந்து வீசுவதும் மணிக்கட்டைச் சுண்டுவதும் ஒன்றுதான். பிள்ளை இரண்டு நாளில் சுண்டக் கற்றுக்கொள்கிறாள், புள்ளி ஏறுகிறது, தோளும் முழங்கையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வெற்றி பெறுவதற்கும் நல்ல அசைவுக்கும் தொடர்பு இல்லாத விளையாட்டு சிகிச்சைக்கு உதவாது. பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். திரையில் உள்ள புள்ளி பொய் சொல்லும். பிள்ளையின் முழங்கை பொய் சொல்லாது.

பந்து உருட்டும் விளையாட்டு வேறு மாதிரி. அதில் கோலின் பின்புறத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது சரியான நொடியில் விரலை விட வேண்டும். விட்டால்தான் பந்து போகும். இறுகிய கையுள்ள பிள்ளைக்குப் பிடிப்பது பெரிய காரியமல்ல, விடுவதுதான் மலை. விரல் மூடிக்கொண்டால் திறக்காது. அவசரப்பட்டால் இன்னும் இறுகும். கோப்பையை மேசையில் வைக்க முடியாமல் அதைக் கையோடு பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பந்து அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். முதல் நாட்களில் பந்து பின்னால் விழுந்தது, சில வேளை கையை விட்டுப் போகவே இல்லை. அவள் அழுதாள், கோலை எறிந்தாள், மறுபடி எடுத்தாள். நான் "மறுபடி செய்" என்று சொல்லவே இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பாடசாலைப் பையை எடுக்கப் போனாள். வைத்ததை அவள் கவனிக்கவில்லை. அது அந்த விளையாட்டால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதே காலத்தில் மிஸ் கொடுத்த பயிற்சிகளும் நடந்தன, இரவில் கைக்குக் கட்டும் ஸ்பிளின்ட்டும் இருந்தது. ஆனால் விடுகிற அசைவை அவள் விருப்பத்தோடு செய்தது அந்தத் திரைக்கு முன்னால்தான்.

குத்துச்சண்டை விளையாட்டுக்கு இரண்டு கையிலும் ஒவ்வொரு கருவி வேண்டும். வலது கை மட்டும் குத்தினால் எதிராளி எளிதில் வீழ்வதில்லை. மிஸ் இதைக் கேட்டதும் மகிழ்ந்துபோனார். சமநிலைப் பலகை என்று ஒன்றும் உண்டு. 2007இல் யப்பானில் வந்தது. நான்கு மூலைகளிலும் நான்கு அழுத்த உணரிகள். அதன்மேல் ஏறி நின்றால் உடலின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். என் மகள் எப்போதும் வலது காலில்தான் பாரத்தைப் போடுவாள். "நேராக நில்" என்று நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தோம். நேர் என்றால் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுடைய உடலுக்குச் சாய்ந்து நிற்பதுதான் நேர். திரையில் புள்ளி வலப்பக்கம் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் "அம்மா, நான் கோணலாகவா நிற்கிறேன்?" என்று கேட்டாள். அவள் கண்ணுக்கு அது தெரிந்துவிட்டது. பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆய்வுலகில் இந்தக் கதை 2008இல் தொடங்கியது என்று சொல்லலாம். அமெரிக்காவில் ஜூடித் டொய்ச்சும் அவருடன் சேர்ந்தவர்களும் பெருமூளை வாதம் உள்ள பதின்ம வயதுப் பிள்ளை ஒருவருக்கு வீ கருவியைக் கொண்டு 11 அமர்வுகள் நடத்தி, நிலைப்பாட்டிலும் நடமாட்டத்திலும் முன்னேற்றம் கண்டதாக எழுதினார்கள். ஒரே ஒரு பிள்ளை. ஆனால் கடையில் விற்கும் விளையாட்டுக் கருவியைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவரலாம் என்ற துணிவை அது பலருக்குக் கொடுத்தது. பிறகு எத்தனையோ சோதனைகள் நடந்தன. பெரும்பாலும் சிறிய குழுக்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு விளையாட்டு, வேறு வேறு கால அளவு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், வழமையான சிகிச்சையோடு கூடுதலாகச் செய்யும்போது சமநிலையிலும் கைப் பயன்பாட்டிலும் ஓரளவு நன்மை தெரிகிறது. சிகிச்சையை நிறுத்திவிட்டு விளையாட்டு மட்டும் போதும் என்று எவரும் நிறுவவில்லை. இடுப்பு மூட்டு விலகுவதை எந்த விளையாட்டும் தடுக்காது. இந்தப் பிள்ளைகளில் மூவரில் ஒருவர் அளவில் இடுப்பு விலகும் ஆபத்து உண்டு. அதற்கு எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

இவ்வளவும் உடலைப் பற்றி. எனக்கு இதைவிடப் பெரியதாகப் பட்டது வேறொன்று.

எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். சில நாள் கிளித்தட்டு. மகளை யாரும் விரட்டியதில்லை, நல்ல பிள்ளைகள். அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: ஓட்ட எண்ணிக்கை எழுதுவது. ஒவ்வொரு நாளும் அதே வேலை. மதிலோரத்தில் கொப்பியோடு இருப்பாள். அவளாக அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. கருவி வந்த பிறகு என் தங்கையின் மகன் ஒரு நாள் பந்து உருட்டும் விளையாட்டில் அவளோடு போட்டி போட்டுத் தோற்றான். கை இரண்டும் நல்ல பன்னிரண்டு வயதுப் பையன். அடுத்த நாள் அவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று, "அன்ரி, அவள் இருக்கிறாளா?" என்று கேட்டார்கள். விளையாட வரும்படி அவளைத் தேடி எங்கள் வாசலுக்குப் பிள்ளைகள் வந்தது அதுவே முதல் முறை. அன்று அவள் தோற்றாள். கோபித்துக்கொண்டு சாப்பிட மறுத்தாள். எனக்கு அதுவும் மகிழ்ச்சியாக இருந்தது. அதுவரை எல்லோரும் அவளுக்கு விட்டுக்கொடுத்தே விளையாடினார்கள். உண்மையான தோல்வி என்ற ஒன்று அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

கனடாவின் பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லெம் கோர்ட்டரும் 2012இல் இத்தகைய பிள்ளைகளுக்கு எவை முக்கியம் என்று ஆறு விடயங்களை எழுதினார்கள்: செயற்பாடு, குடும்பம், உடல்வலு, மகிழ்ச்சி, நண்பர்கள், எதிர்காலம். கையை நிமிர்த்துவது இதில் ஒரு மூலை. நண்பர்களும் மகிழ்ச்சியும் சிகிச்சை முடிந்த பிறகு கிடைக்கும் பரிசு என்று அவர்கள் எழுதவில்லை. சிகிச்சை எதற்காக என்றால் அவற்றுக்காகவும்தான். விளையாட்டைக் கசப்பு மருந்துக்கு மேல் தடவும் தேனாக மட்டும் பார்ப்பவர்களோடு நான் உடன்படாதது இந்த இடத்தில்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆவது பிரிவு, இந்தப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டில் பங்குபற்ற வழிசெய்ய வேண்டும் என்கிறது. விளையாட்டும் உரிமைகளின் சாசனத்துக்குள்தான் எழுதப்பட்டிருக்கிறது. கை நிமிர்ந்தாலும் நிமிராவிட்டாலும் அது அவளுக்கு உரியது.

அம்மம்மாவின் பயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. "கண் கெடும், பிள்ளை பழகிவிட்டால் விடாது" என்றார். நேரத்தை வரையறுத்தோம்: பின்னேரம் ஒரு முறை, அரை மணித்தியாலத்துக்கு உள்ளே. களைத்த தசை தவறான அசைவைத்தான் பழகும். மிஸ் இன்னொன்றும் கேட்டுக்கொண்டார்: வலிப்பு இருக்கிறதா என்று. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு வலிப்பும் உண்டு. மின்னி மின்னி மாறும் திரை சிலருக்கு அதைத் தூண்டும். வலிப்பு இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இன்னொன்று, பரபரப்பு கூடக்கூட உடல் இறுகும். வெல்லும் ஆவேசத்தில் மகளின் இடது முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, தண்ணீர் கொடுப்போம்.

அம்மம்மா தானும் ஒரு வழி கண்டுபிடித்தார். 2022இல் நாளுக்குப் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது வெளியே எடுத்த பல்லாங்குழிப் பலகை இன்னும் அவர் அறையில் இருந்தது. புளியங்கொட்டைகளை இடது கையில் அள்ளி, குழிக்கு ஒன்றாக விட்டுக்கொண்டு போக வேண்டும் என்று விதி போட்டார். அள்ளு, பிடி, ஒன்றை மட்டும் விடு, மற்றவற்றைப் பிடித்திரு. பந்து உருட்டும் விளையாட்டு கேட்டதைவிட இது நுட்பமான வேலை. மிஸ்ஸிடம் சொன்னபோது அதைத் தன் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லப்போவதாகச் சொன்னார். மின்சாரம் வேண்டாம், மின்மாற்றி வேண்டாம். கொட்டை பெரிதாக இருந்தால் எளிது. விரல் தேறத்தேற மஞ்சாடிக்கு மாறலாம். கோலைப் பிடிக்கும் அளவுக்குக் கை வராத பிள்ளைக்குக் கூழாங்கல்லிலிருந்து தொடங்கலாம். சிறு பொருளை வாயில் போடும் பிள்ளைக்கு மட்டும் இது ஆகாது.

நான்காம், ஐந்தாம் நிலையில் உள்ள பிள்ளைகளின் தாய்மார் இதைப் படித்தால், இது எங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசொஃப்ட் 2018இல் தன் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பலகை வெளியிட்டது: இரண்டு பெரிய பொத்தான்கள், பின்புறம் வரிசையாகத் துளைகள். காலாலோ முழங்கையாலோ தலையாலோ அழுத்தக்கூடிய எந்த ஆளியையும் அந்தத் துளைகளில் செருகலாம். சோனியும் 2023 இறுதியில் இத்தகைய ஒன்றை வெளியிட்டது. விலை நமக்கு எட்டாது. ஆனால் அந்தத் துளைகள் சாதாரண 3.5 மில்லிமீற்றர்த் துளைகள், பழைய கைபேசிகளில் காதொலிக் கருவி செருகுவதைப் போன்றவை. அதற்கான ஆளியை வானொலி திருத்துபவர் ஒருவர் ஒரு பின்னேரத்தில் செய்துவிடுவார். அதற்கு முன்னால் இருக்கையைக் கவனிக்க வேண்டும். கால் தொங்கினால் கை வேலை செய்யாது. இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். கதிரைக்குக் கீழே ஒரு பலகை போதும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணாமார், அக்காமார் இதைப் படித்து, அலுமாரியில் கிடக்கும் பழைய கருவியை ஊருக்குக் கொண்டுவர நினைத்தால் சிலவற்றைக் கவனியுங்கள். வட அமெரிக்கக் கருவி என்றால் இங்கே மின்மாற்றி வேண்டும். இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ வாங்கியது என்றால் தேவைப்படாது. கோலோடு வரும் மணிக்கட்டு வாரை மறக்க வேண்டாம்; பிடி நழுவும் பிள்ளைக்கு அது கட்டாயம். கோலோடு இணைத்து மற்றக் கையில் பிடிக்கும் கருவியையும் தேடி எடுங்கள். மீள மின்னேற்றும் பற்றரிகளும் மின்னேற்றியும் கொடுத்தால் அந்த வீட்டுக்குப் பெரிய உதவி. உடல் முழுவதையும் கமராவால் பார்க்கும் கினெக்ட் என்றால், 2017இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது, உதிரிப்பாகம் கிடைப்பது கடினம். அதற்கு முன்னால் ஆறு அடி இடைவெளியும் வேண்டும், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைச் சில வேளை அது அடையாளம் காணாது. கருவியைக் கொடுக்கும்போது பிள்ளையின் இயன்மருத்துவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது கோல் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது வேண்டும்.